சுவான்ஜோவில் உள்ளூர் நண்பரோடு மூன்று நாள்: தமிழர் விட்டுச்சென்ற கற்களைத் தேடிப் போகும் வழி

சீனாவின் தென்கிழக்குக் கரையில், பூஜியான் மாநிலத்தில் இருக்கிறது சுவான்ஜோ. சோழர் காலத்திலும் அதற்குப் பின்னும் நம் வணிகர்கள் மிளகும் துணியும் ஏற்றிக்கொண்டு போய் இறங்கிய துறைமுகம் இது. அரேபியர்கள் இதை சைத்தூன் என்றார்கள். மார்கோ போலோவும் இப்னு பதூதாவும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 2021-இல் யுனெஸ்கோ இந்நகரின் 22 இடங்களை ஒரே தொகுப்பாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இங்கே ஒரு சிவன் கோயில் இருந்தது. கோயில் அழிந்துவிட்டது, கற்கள் மட்டும் ஊரெங்கும் சிதறிக் கிடக்கின்றன. சில புத்தர் கோயிலின் முன்மேடையிலும் பின்புறத் தாழ்வாரத்திலும், சில அருங்காட்சியகத்தில், ஒன்று ஆற்றுக்கு அப்பால் ஒரு சிற்றூரின் சின்னஞ்சிறு சன்னதியில். அவை எங்கே இருக்கின்றன என்பது உள்ளூர் நண்பருக்குத் தெரியும். அவற்றில் செதுக்கியிருப்பது என்ன கதை என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரியாது, அது உங்களுக்குத் தெரியும். அவர் வழி காட்ட, நீங்கள் கதை சொல்ல, இருவருமாகப் பார்க்க வேண்டிய ஊர் இது.

ஊர்ப் பெயரிலேயே வரும் தவறுகள்

முதல் தவறு பயணச்சீட்டு எடுக்கும்போதே நடக்கும். குவாங்ஜோ என்பது வேறு ஊர். நம்மவர்கள் சரக்கு வாங்கப் போகும் பெரிய வணிக நகரம் அது, பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். நண்பரிடம் ஊர்ப் பெயரைச் சீன எழுத்தில் கேட்டு வாங்கிக் கைபேசியில் வைத்துக்கொண்டு, சீட்டில் உள்ள எழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது ரயில் நிலையம். சுவான்ஜோ, சுவான்ஜோ கிழக்கு, சுவான்ஜோ தெற்கு, ஜின்ஜியாங் என்று நான்கு நிலையங்கள் உண்டு. கிழக்கும் தெற்கும் 2023 செப்டம்பரில் திறந்த புதிய அதிவேகப் பாதையில் இருப்பவை. ரயில் வேகமாகத்தான் போகும், ஆனால் இறங்கும் இடம் பழைய நகரிலிருந்து வெகு தூரம். பத்து நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய் வாடகைக் காரில் அதைவிட அதிக நேரம் செலவாகும். வெறுமனே 'சுவான்ஜோ' என்று போட்டிருக்கும் நிலையத்துக்கே சீட்டு எடுங்கள்.

மூன்றாவது லுவோயாங் பாலம். வரைபடத்தில் 'லுவோயாங்' என்று மட்டும் தேடினால் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ஹெனான் மாநிலத்தில் உள்ள லுவோயாங் நகரைக் காட்டும். நண்பரிடம் பாலத்தின் இருப்பிடத்தையே அனுப்பச் சொல்லுங்கள்.

கிளம்புவதற்கு முன்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விசா எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை.

பணம் செலுத்த உதவும் அலிபே, வீசாட் செயலிகள் இரண்டையும் ஊரிலேயே நிறுவி, கடவுச்சீட்டைக் காட்டி அடையாளத்தை உறுதிசெய்து, விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைத்துவிடுங்கள். ரூபே அட்டையை நம்பிப் போகாதீர்கள். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைக்க மறந்தால் முதல் தேநீர்க் கடையிலேயே பணம் போகாமல் நிற்பீர்கள். ஒரு முறைக்கு 200 யுவான் வரை கூடுதல் கட்டணம் இல்லை, அதைத் தாண்டினால் 3 விழுக்காடு பிடிப்பார்கள். கையில் 500 யுவான் அளவுக்குச் சில்லறை நோட்டுகளும் இருக்கட்டும். கிராமச் சன்னதிகளில் ஊதுவத்தி வாங்கவும் உண்டியலில் போடவும் அது உதவும்.

கூகுள், வாட்ஸாப் இரண்டும் அங்கே திறக்காது. உங்கள் ஊர் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் திறக்கும், ஏனென்றால் ரோமிங் தரவு உங்கள் ஊர் நிறுவனத்தின் வழியாகவே போய் வருகிறது. விடுதியின் வைஃபையில் இணைந்ததும் அது நின்றுவிடும். நண்பரோடு பேச வீசாட்டையே பழகிக்கொள்ளுங்கள்.

தங்குமிடம் பற்றி ஒரு முக்கியமான விதி உண்டு. விடுதியில் தங்கினால் காவல் நிலையப் பதிவை விடுதிக்காரர்களே செய்துவிடுவார்கள். நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் நீங்களும் நண்பரும் போய்ப் பதிய வேண்டும். உங்கள் கடவுச்சீட்டு, நண்பரின் அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம் ஆகியவை வேண்டும். 'ஒரு நாள்தானே' என்று விட்டுவிட்டால் அபராதம் உங்களுக்கும் வரலாம், நண்பருக்கும் வரலாம். நம்மால் அவருக்குத் தொல்லை வரக் கூடாது. விடுதி என்றால் பழைய நகரின் மேற்குத் தெருவுக்கும் மணிக்கூண்டுக்கும் நடந்து போகும் தூரத்தில் பாருங்கள். சிறிய வீட்டு விடுதிகள் சிலவற்றுக்கு வெளிநாட்டவரைப் பதியும் முறை தெரியாது. முன்பதிவுக்கு முன் நண்பரை ஒரு முறை தொலைபேசியில் கேட்கச் சொல்வது நல்லது.

மார்ச்–ஏப்ரல், அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடிய நல்ல காலம். ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் வரும். அக்டோபர் முதல் வாரமும் மே முதல் வாரமும் தேசிய விடுமுறை. மேற்குத் தெருவில் நடக்க இடம் இருக்காது.

வந்து சேர்தல்

சியாமென் விமான நிலையத்தில் இறங்குவது எளிது. அங்கிருந்து சியாமென் வடக்கு ரயில் நிலையம் போய், அதிவேக ரயிலில் சுமார் அரை மணியில் சுவான்ஜோ. சீட்டும் கடவுச்சீட்டும் ஒன்றுதான், தனிக் காகிதம் கிடையாது. தானியங்கிக் கதவு உங்கள் கடவுச்சீட்டைப் படிக்காவிட்டால் ஓரத்தில் ஆள் நிற்கும் வழியில் போங்கள். ரயில் கிளம்பும் சில நிமிடங்களுக்கு முன்பே கதவை மூடிவிடுவார்கள். பை சோதனைக்கும் நேரம் ஆகும், ஆகவே 40 நிமிடம் முன்னதாக நிலையத்தில் இருங்கள். தென்கிழக்காசியாவின் சில ஊர்களிலிருந்து ஜின்ஜியாங் விமான நிலையத்துக்கே நேராக வரலாம். அது நகரை ஒட்டியே இருக்கிறது.

நண்பரிடம் எதைக் கேட்பது

பலர் நண்பரை ஓட்டுநராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் மாற்றி, இரண்டாம் நாள் மாலைக்குள் களைப்படைய வைத்துவிடுவார்கள். வரைபடம் பார்ப்பது, டிடி செயலியில் கார் அழைப்பது, பட்டியலில் படம் பார்த்து உணவு சொல்வது எல்லாம் நீங்களே செய்யக்கூடியவை. கவோத வரைபடச் செயலியில் ஆங்கிலம் உண்டு. பழைய நகருக்குள் 'சியாவ்பாய்' என்ற குட்டி வெள்ளை மின்வண்டிகள் ஓடுகின்றன, அவற்றிலும் நீங்களே ஏறிப் போகலாம்.

நண்பரால் மட்டுமே ஆகக்கூடியவை மூன்று. சீனத் தொலைபேசி எண்ணும் சீன அடையாள எண்ணும் கேட்கும் முன்பதிவுகள் முதலாவது. இந்த வட்டார மொழியான ஹொக்கியனில் முதியவர்களிடம் பேசிக் கோயில் கதவைத் திறக்கவைப்பது இரண்டாவது. பொதுச் சீன மொழியான மாண்டரின் மட்டும் தெரிந்த வெளியூர்ச் சீனருக்குக்கூட இது வாய்க்காது. எந்த நாளில் எந்தக் கோயிலில் விசேஷம் என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரு வாரம் முன்பே எழுதி அனுப்பிவிடுங்கள்.

இரண்டு சொற்களையாவது ஹொக்கியனில் கற்றுக்கொள்ளுங்கள். நன்றிக்கு 'கம்சியா'. 'சாப்பிட்டாச்சா' என்பதற்கு 'சியா பா பே'. நம்மூர்போலவே அங்கேயும் வணக்கத்துக்குப் பதில் சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்பார்கள். நண்பரின் அம்மாவை 'ஆயீ', அப்பாவை 'ஷூஷு' என்று அழையுங்கள். பெயர் சொல்லி அழைக்கக் கூடாது.

முதல் நாள்: கையுவான் கோயில்

காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். கட்டணம் இல்லை. கி.பி. 686-இல் தொடங்கிய புத்தர் கோயில் இது. சீன நாட்காட்டியில் ஒவ்வொரு மாதமும் 26-ஆம் நாள் உள்ளூர் மக்கள் திரளாக வழிபட வருவார்கள். திருவிழாவைப் பார்க்க அது நல்ல நாள், சிற்பம் பார்க்க ஏற்ற நாளல்ல.

எல்லோரும் நேராகப் பெரிய மண்டபத்துக்குள் போவார்கள். நீங்கள் வாசலிலேயே நின்று, மண்டபத்தின் முன்னுள்ள மேடையின் அடித்தளத்தைக் குனிந்து பாருங்கள். மனித முகமும் சிங்க உடலும் கொண்ட உருவங்கள் வரிசையாக, 70-க்கும் மேல். கோயில் படிக்கட்டுகளில் யாளி பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை அந்நியமாகத் தெரியாது. இவையும் அந்த அழிந்த கோயிலின் கற்கள்தாம்.

மண்டபத்துக்குள் அண்ணாந்து பாருங்கள். உத்தரத்தைத் தாங்கியபடி இறக்கை முளைத்த 24 மர உருவங்கள், கையில் இசைக்கருவிகளும் காணிக்கைகளும் ஏந்தி நிற்கின்றன. வாசல் நிலையை மிதிக்காமல் தாண்டிச் செல்லுங்கள். உள்ளே படம் எடுக்கலாமா என்று நண்பரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

பிறகு மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் வாருங்கள். பின் தாழ்வாரத்தின் நடுவில் பதினாறு பட்டை கொண்ட இரண்டு கருங்கல் தூண்கள். மிங் அரச மரபின் காலத்தில் கோயிலைப் பழுதுபார்த்தபோது இங்கே கொண்டுவந்து நட்டவை. பட்டைகளுக்கு இடையே சதுரப் பகுதிகள், ஒவ்வொரு முகத்திலும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு சிற்பம். இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மர், உரலில் கட்டுண்டு இரு மரங்களுக்கிடையே போகும் கண்ணன், காளிங்கன் தலைமேல் ஆடும் கண்ணன், மரத்தில் கோபியர் சேலை, யானையைக் காக்க வரும் திருமால். சில வட்டங்களில் சீனப் பூ வேலைப்பாடும் கலந்திருக்கிறது.

இங்கே குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கீழ் வட்டத்தில் தொடங்கி ஒரு தூணை முழுதாகச் சுற்றி முடித்துவிட்டு அடுத்த தூணுக்குப் போங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் எது பார்த்தது, எது பார்க்காதது என்று குழம்பும். கல்லின் நிறம் இருண்டது, நேர் வெளிச்சத்தில் உருவம் தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் சாய்ந்து விழும் காலை வெளிச்சம்தான் நல்லது. மேல் வட்டங்களுக்குக் கைபேசி கேமராவைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். நண்பர் இந்தத் தூண்களைச் சிறு வயதிலிருந்து நூறு முறை கடந்திருப்பார். உரல் கதையை எளிய சொற்களில் அவருக்குச் சொல்லுங்கள்: வெண்ணெய் திருடிய பிள்ளை, கட்டிப்போட்ட அம்மா, இழுத்துக்கொண்டு ஓடிய உரல். அடுத்த முறை அவர் வேறு யாரையாவது அழைத்து வந்தால் அந்தக் கதையும் கூடவே போகும்.

கோயிலின் இருபுறமும் எண்கோணக் கல் கோபுரங்கள். மேற்கிலிருப்பது 1237-இலும் கிழக்கிலிருப்பது 1250-இலும் முடிந்தவை. கிழக்குக் கோபுரம் சுமார் 48 மீட்டர் உயரம். மேலே ஏற விடமாட்டார்கள். மேற்குக் கோபுரத்தின் நான்காம் நிலையில், வாளேந்திய குரங்கு முக வீரன் ஒருவனின் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. சீனர்கள் அவனைக் குரங்கு அரசன் சுன் வுகோங் என்பார்கள், அனுமன் என்று பார்த்த ஆய்வாளர்களும் உண்டு. தொலைநோக்கி இருந்தால் எடுத்துப் போங்கள்.

கிளம்பும் முன், வளாகத்தின் கிழக்குப் பக்கம் பழங்காலக் கப்பல் கூடத்தைப் பாருங்கள். 1974-இல் ஹோவ்ஜு துறைமுகச் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த, சோங் அரச மரபின் காலத்துக் கப்பல், எஞ்சிய நீளம் 24 மீட்டர். குறுக்குப் பலகைகளால் 13 அறைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஓர் அறையில் நீர் புகுந்தாலும் மற்றவை மிதக்கும். உள்ளே நறுமணக் கட்டைகளும் மிளகும் கிடைத்தன.

துமென் தெரு: மாலை நேரம்

கையுவானிலிருந்து நடந்தே போகலாம். 1009-இல் நிறுவிய சிங்ஜிங் பள்ளிவாசலுக்குக் கட்டணம் சில யுவான்தான். தொழுகைக் கூடத்துக்குக் கூரை இல்லை, சுவர்களில் அரபுக் கல்வெட்டுகள். பக்கத்திலேயே குவான்யூ என்ற வீரத் தெய்வத்தின் கோயில், எந்நேரமும் புகை மூட்டம்.

இங்கே உள்ளூர்க்காரர்கள் கடவுளிடம் கேள்வி கேட்பார்கள். நம்மூரில் பூக்கட்டிப் பார்ப்பதுபோல. பிறைநிலா வடிவில் இரண்டு மரத்துண்டுகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு. ஊதுவத்தி ஏற்றி, உங்கள் பெயர், ஊர், கேள்வியை மனதுக்குள் சொல்லி, நெஞ்சளவில் பிடித்துத் தரையில் விடுங்கள். ஒன்று தட்டையாகவும் ஒன்று புடைப்பாகவும் மேல் பார்த்து விழுந்தால் 'சரி'. இரண்டும் தட்டை மேலாக விழுந்தால் கடவுள் சிரிக்கிறார், கேள்வியைத் தெளிவாகக் கேட்க வேண்டும். இரண்டும் புடைப்பு மேலாக விழுந்தால் 'இல்லை'. ஆம்–இல்லை என்று பதில் வரக்கூடிய ஒரே கேள்வியாகக் கேளுங்கள். இரண்டை ஒன்றாகக் கோத்துக் கேட்டால் பதிலுக்குப் பொருளே இருக்காது. வேடிக்கைக்கு வீசிப் பார்க்காதீர்கள், பக்கத்தில் நிற்பவர் மகனின் அறுவை சிகிச்சைக்காகக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

இரண்டாம் நாள்: கடல்சார் அருங்காட்சியகம்

திங்கட்கிழமை விடுமுறை. இதைக் கவனிக்காமல் வருபவர்கள் அதிகம், பயண நாட்களை இதைச் சுற்றியே அமைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டின் அசல் கையில் இருக்கட்டும். மதச் சிற்பங்கள் உள்ள கூடத்துக்கு முதலில் போங்கள். லிங்கத்துக்குத் தாமரை சார்த்தும் யானையைப் பார்த்ததும் திருவானைக்கா நினைவுக்கு வரும். நான்கு கை திருமாலும் நிற்கிறார்.

இங்கே வரும் முன் ஒரு கல்வெட்டைத் தெரிந்துகொண்டு வாருங்கள். 1956-இல் இந்த ஊரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு அது. சகம் 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம், அதாவது கி.பி. 1281. செகசை கானின் உடல்நலம் வேண்டி, அவருடைய ஆணைப்படி, சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவன் திருமேனியை எழுந்தருளச் செய்தார் என்கிறது. செகசை கான் என்பவர் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். கடல் கடந்து வந்த ஒரு தமிழர், மங்கோலிய மன்னருக்காக, சீன மண்ணில், தமிழில் கல் வெட்டிவைத்திருக்கிறார். கல்வெட்டின் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, அந்த வரிகளை நண்பருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். 700 ஆண்டுகள் கழிந்தும் 'சித்திரை' என்ற சொல் மாறவில்லை என்பதை அவர் காதால் கேட்கட்டும்.

சாப்பாடு

சைவர்களுக்கு இங்கே சிக்கல் மொழியில்தான் இருக்கிறது. 'இறைச்சி வேண்டாம்' என்றால் 'துண்டு போடாமல் கொடு' என்று புரிந்துகொள்வார்கள். கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள், மேலே காய்ந்த இறால் தூவுவார்கள், சிப்பிச் சாறு ஊற்றுவார்கள். காலை உணவான நூல்சேமியாக் கஞ்சி பார்க்க வெறும் கஞ்சிதான், அதன் சாறு எலும்பிலும் கடலுணவிலும் எடுத்தது. ஆகவே நண்பரிடம் ஓர் அட்டை எழுதி வாங்குங்கள்: இறைச்சி, கோழி, மீன், இறால், சிப்பி, பன்றிக் கொழுப்பு, எலும்புச் சாறு எதுவும் வேண்டாம், முட்டை ஆகும் அல்லது ஆகாது. வாயால் சொல்ல 'வோ ச்சீ சூ'. புத்தர் கோயில்களை ஒட்டிய சைவக் கடைகள் முற்றிலும் பாதுகாப்பானவை. அங்கே வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்கமாட்டார்கள். இனிப்புக்கு வேர்க்கடலைப் பாயசம், தேன் ஊற்றிய கடற்பாசிக் கூழ் இரண்டும் நம் நாக்குக்குப் பிடிக்கும்.

அசைவம் சாப்பிடுபவர்கள் மண்சட்டியில் முற்றிய இஞ்சியோடு சுண்டவைத்த வாத்தைத் தவறவிடாதீர்கள். சர்க்கரைவள்ளி மாவில் குட்டிச் சிப்பிகளைக் கலந்து சுடும் அடையும் உண்டு. மாட்டிறைச்சிச் சாறு இங்கே பரவலானது, தவிர்ப்பவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் அதையும் அட்டையில் எழுதி வாங்குவது கட்டாயம். பொடித்துத் தூவியிருப்பது கண்ணுக்குத் தெரியாது.

தே

தேயிலை என்ற நம் சொல்லில் உள்ள 'தே' இந்த வட்டாரத்து ஹொக்கியன் சொல். நண்பர் வீட்டில் 'லிம் தே' என்றால் தேநீர் குடி என்று பொருள், மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. பக்கத்து அன்சி மலையில் விளையும் தியெகுவான்யின் தேயிலையைத்தான் பெரும்பாலும் போடுவார்கள்.

சுமார் 110 மில்லி கொள்ளும் மூடிக் கிண்ணத்தில் 7 முதல் 8 கிராம் இலை. கொதிநீர் ஊற்றி முதல் நீரைக் கொட்டிவிடுவார்கள்; அது இலையை விரிக்கவும் குவளையைச் சூடாக்கவும். அடுத்தது 15 முதல் 20 விநாடி, பிறகு ஒவ்வொரு முறைக்கும் சில விநாடி கூட்டி ஆறேழு முறை. ஊற்றும்போது இரு விரலால் மேசையை மெல்லத் தட்டினால் நன்றி என்று அர்த்தம். குவளை காலியானால் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் நிறைந்த குவளையைத் தொடாமல் விட்டுவிடுங்கள். வெறும் வயிற்றில் குடித்தால் தலை சுற்றும், கை நடுங்கும். பாலும் சர்க்கரையும் கேட்காதீர்கள்.

மூன்றாம் நாள்: பாலமும் சிற்றூர்ச் சன்னதியும்

லுவோயாங் பாலத்தை 1053 முதல் 1059 வரை கட்டினார்கள். ஆற்றுப் படுகையில் கல்லைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் படகு மூக்குப்போன்ற தூண்களை எழுப்பி, அடியில் சிப்பிகளை வளர்த்துக் கற்களை ஒட்டவைத்தார்கள். வேலையைக் கடல் உயிரிடம் ஒப்படைத்த அந்த அறிவு வியக்கத்தக்கது. நீர் வற்றும் நேரத்தில் போனால்தான் அடித்தளம் தெரியும். ஓத நேரத்தை நண்பரிடம் முந்தைய நாளே பார்க்கச் சொல்லுங்கள். மதிய வெயிலுக்குப் பாலத்தில் நிழல் கிடையாது.

சிதியென் சிற்றூர், நகரை ஒட்டி ஓடும் ஜின் ஆற்றுக்குத் தெற்கே, ஜின்ஜியாங் பகுதியைச் சேர்ந்தது. அங்கே ஒரு சிறு சன்னதியில், சம்மணமிட்டு அமர்ந்த நான்கு கைப் பெண் தெய்வம், இருபுறமும் தோழியர். நம் ஊர்ச் சிற்பம்தான். ஊர் மக்கள் அவளைப் பௌத்தக் கருணைத் தெய்வமான குவான்யின் என்று வணங்குகிறார்கள். சுற்றுலாப் பலகை எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஊருக்குள் போனதும் நண்பர் முதியவர் யாரிடமாவது ஹொக்கியனில் கேட்கட்டும். பழங்களும் ஊதுவத்தியும் வாங்கிச் செல்லுங்கள். முதலில் வணங்குங்கள், பிறகு பாருங்கள், அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். 'இது குவான்யின் இல்லை, எங்கள் அம்மன்' என்று திருத்தப் போகாதீர்கள். தலைமுறை தலைமுறையாக விளக்கேற்றி அந்தக் கல்லைக் காத்தவர்கள் அவர்கள்.

பணமும் பரிசும்

உணவுக்குப் பணம் கொடுக்க நண்பர் உங்களை விடவே மாட்டார். மேசையில் இழுபறி செய்வதைவிட, சாப்பாடு முடியும் முன் கை கழுவப் போவதுபோல எழுந்து போய்க் கட்டிவிடுங்கள். அதுவே அங்கும் வழக்கம். முதல் விருந்தை மட்டும் அவருக்கே விட்டுக்கொடுங்கள். அதையும் பறித்தால் அவர் மனம் வருந்தும். கார் கட்டணம், காலை உணவு, நுழைவுச்சீட்டு ஆகியவற்றை நீங்கள் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

பரிசாகக் கடிகாரம், குடை, பேரிக்காய் வேண்டாம். அவற்றின் பெயர்கள் சாவையும் பிரிவையும் குறிக்கும் ஒலிகள். நான்கு என்ற எண்ணிக்கையும் ஆகாது. ஏலக்காய், மிளகு, நல்ல பருத்தித் துணி கொண்டுபோங்கள். இரு கையாலும் கொடுங்கள். உங்கள் முன் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிட்டால் பிடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். மிளகைக் கொடுக்கும்போது மட்டும், அந்தக் கப்பலின் அடியில் கிடைத்ததும் இதுதான் என்று சொல்லிக் கொடுங்கள்.